கால்குலஸ் எங்க பிறந்துச்சு, டிசைன்ல அதுக்கு என்ன வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்குலஸ் கால்குலஸ்னு சொல்றாங்களே, சுருக்கமா அது என்ன?

ரெண்டே விஷயம்தான். ஒரு அளவு மாறும்போது இன்னொரு அளவு எவ்வளவு வேகமா மாறுதுன்னு பார்க்கிறது ஒண்ணு, அது வகையிடல், டெரிவேட்டிவ். பொடிப் பொடியா இருக்கிற துண்டுகளை எல்லாம் கூட்டி மொத்தம் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிறது இன்னொண்ணு, அது தொகையிடல், இன்டக்ரல். இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர் வேலை, ஒண்ணு கட்டினதை இன்னொண்ணு அவிழ்க்கும், அந்த உறவைத் தெளிவா பிடிச்சதுக்கு அப்புறம்தான் இது ஒரு தனி பாடமாவே ஆச்சு.

நியூட்டன் கண்டுபிடிச்சாரா, லைப்னிட்ஸ் கண்டுபிடிச்சாரா?

ரெண்டு பேரும், தனித்தனியா. நியூட்டன் 1665-66ல பிளேக் வந்து கேம்பிரிட்ஜை மூடினப்ப சொந்த ஊருக்குப் போய் இருந்தாரு, முக்கியமான யோசனைகள் அப்பவே வந்துடுச்சு, ஆனா அச்சுக்குக் கொடுக்காம வச்சிருந்தாரு, 1671ல எழுதின புத்தகம் அவர் இறந்ததுக்கு அப்புறம் 1736லதான் வெளிய வந்துச்சு. ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் 1675ல தன்னோட குறியீடுகளை உருவாக்கி 1684ல கட்டுரையா வெளியிட்டுட்டாரு. அப்புறம் யார் முதல்னு பெரிய சண்டை. 1712ல லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி விசாரிச்சு நியூட்டனுக்குச் சாதகமா அறிக்கை கொடுத்துச்சு, அந்த சொசைட்டிக்குத் தலைவரே நியூட்டன்தான், அறிக்கையில பெரும்பகுதியை எழுதினதும் அவர்தான், அதனால அதை நியாயமான தீர்ப்புன்னு என்னால சொல்ல முடியல. இன்னைக்கு நாம ஸ்கூல்ல எழுதுறது லைப்னிட்ஸோட குறியீடு, அந்த நீளமான எஸ் மாதிரி இருக்கிற இன்டக்ரல் குறி அவரோடது.

அவங்களுக்கு முன்னாடி யாரும் எதுவும் பண்ணலையா?

நிறைய பண்ணியிருக்காங்க. ஆர்க்கிமிடீஸ் கிமு 3ம் நூற்றாண்டிலேயே பரவளைவுக்குள்ள முக்கோணமா அடுக்கிக்கிட்டே போய் அந்தப் பரப்பு முதல் முக்கோணத்தோட 4/3 மடங்குன்னு நிரூபிச்சாரு, வட்டத்தை உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு 96 பக்க உருவத்துக்கு நடுவுல அடைச்சு பை மதிப்பு 3 10/71க்கும் 3 1/7க்கும் இடையிலதான் இருக்கணும்னு காட்டினாரு.

அப்புறம் கேரளத்துல சங்கமகிராம மாதவன், 14ம் நூற்றாண்டு. 1 கழித்தல் 1/3 கூட்டல் 1/5 கழித்தல் 1/7னு முடிவே இல்லாம போற தொடரோட கூட்டுத்தொகை பையில நாலுல ஒரு பங்குன்னு அவரோட மரபுல கண்டுபிடிச்சாங்க, சைன் கொசைனுக்கும் அதே மாதிரி முடிவிலாத் தொடர் இருக்கு. இந்தத் தொடர் ரொம்ப மெதுவாதான் மதிப்பை நெருங்கும், அதனால எங்க நிறுத்துறோமோ அங்க சேர்க்கிறதுக்குன்னு ஒரு திருத்த உறுப்பையும் யோசிச்சு வச்சாங்க, என்னைக் கேட்டா தொடரை விட அதுதான் பெரிய விஷயம், ஏன்னா பிழை எவ்வளவுன்னு கவலைப்பட்டிருக்காங்க. ஏறக்குறைய 1530ல ஜ்யேஷ்டதேவர் மலையாளத்துல எழுதின யுக்திபாஷாவுல இதுக்கெல்லாம் விளக்கம் படிப்படியா இருக்கு. ஆனா எந்த சார்புக்கும் (ஒரு அளவு இன்னொண்ணைப் பொறுத்து மாறுற விதி) பொருந்துற மாதிரி பொதுவான முறையா அது வளரல, வட்டம், சைன், வானியல் கணக்கு இதைச் சுத்தியே இருந்துச்சு. இது ஐரோப்பாவுக்குப் போச்சுன்னு காட்ட ஆவணம் எதுவும் கிடைக்கல.

டிசைனுக்கும் கால்குலஸுக்கும் முதல்ல எங்க தொடர்பு வந்துச்சு?

இதுக்கு எனக்குப் பிடிச்ச பதில் கெப்ளரோட பீப்பாய். கோள்கள் நீள்வட்டத்துல சுத்துதுன்னு சொன்ன அதே கெப்ளர்தான். 1613ல அவருக்கு ரெண்டாவது கல்யாணம், அதை ஒட்டி ஆஸ்திரியாவுல லின்ஸ் நகரத்துல வீட்டுக்கு ஒயின் பீப்பாய் வாங்குறாரு. வியாபாரி பீப்பாய் வயித்துல இருக்கிற துளை வழியா ஒரு கோலை சாய்வா உள்ள விட்டு, எதிர் மூலையில முட்டுற வரைக்கும் எவ்வளவு நீளம்னு பார்த்து, அதை மட்டும் வச்சே இவ்வளவு ஒயின் இருக்கு, இவ்வளவு விலைன்னு சொல்லிட்டாரு. கெப்ளருக்கு இது உறுத்துச்சு. நீளமா ஒல்லியா ஒரு பீப்பாய், குட்டையா குண்டா ஒரு பீப்பாய், ரெண்டுலயும் கோல் ஒரே அளவு காட்டலாம், ஆனா உள்ள இருக்கிற ஒயின் ஒரே அளவா இருக்காதே, அப்புறம் எப்படி ஒரே விலை?

உட்கார்ந்து கணக்கு போட்டு 1615ல பீப்பாய்களோட கனஅளவு பத்தி ஒரு புத்தகமே போட்டுட்டாரு. பீப்பாயை நேரான உருளைன்னு வச்சுக்கிட்டா, கோல் நீளம் மாறாம இருக்கும்போது எந்த விகிதத்துல கனஅளவு உச்சத்துக்குப் போகும்னா நீளம் குறுக்களவைப் போல 1.414 மடங்கு இருக்கும்போது, அதாவது 2ஓட வர்க்கமூலம். ஆஸ்திரியாவுல பீப்பாய் செய்றவங்க பின்பற்றின அளவு இந்த விகிதத்துக்குக் கிட்டத்துலயே இருந்துச்சு.

ஆனா இதை விட முக்கியமா அவர் கவனிச்சது வேற. உச்சத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனாலும் கனஅளவு கிட்டத்தட்ட மாறவே இல்ல. நீங்களே போட்டுப் பாருங்க, அதே கோல், பீப்பாய் நீளம் சரியான அளவை விட 10% கூடிடுச்சு, கனஅளவு 1.5 சதவீதம்தான் குறையும், 10% குறைஞ்சாலும் அதே 1.5 சதவீதம்தான். கைவேலையில பீப்பாய் கொஞ்சம் அப்படி இப்படி வந்தாலும் கோல் சொல்ற கணக்கு பெருசா தப்பாது. அந்த வியாபாரியோட முறை ஆஸ்திரிய பீப்பாய்க்குச் சரிதான், நீளமான பீப்பாய் செய்ற ஊருக்கு அதே கோலை எடுத்துட்டுப் போனா கணக்கு தப்பிடும். சாதாரண கோலுக்குப் பின்னாடி இருந்த நியாயத்தை ஒரு பெரிய மனுஷன் மெனக்கெட்டு தேடிப் பார்த்திருக்காரு, எனக்கு இதுல அவ்வளவு மரியாதை.

டெரிவேட்டிவை ஏன் ஜீரோன்னு போடுறோம்? ஸ்கூல்ல போடச் சொன்னாங்க போட்டோம், காரணம் சொல்லல.

கெப்ளர் பார்த்த அதே விஷயம்தான் காரணம். மலை உச்சியில நிக்கிற இடத்துல தரை சாய்ஞ்சிருந்தா அது உச்சி இல்ல, ஏறுற பக்கமா இன்னும் ஒரு அடி வச்சா இன்னும் மேல போகலாம். உச்சியில சாய்வு இருக்க முடியாது, அதனால டெரிவேட்டிவ் ஜீரோ. பிரெஞ்சு கணிதக்காரர் பெர்மா 1630கள்ல இதை ஒரு முறையாவே ஆக்கினாரு, ஒரு அளவை துளியூண்டு மாத்து, மாத்தினதுக்கு அப்புறமும் மதிப்பு அதேதான்னு வச்சு சமன்பாடு எழுது, தீர்த்தா உச்சியோ அடியோ வந்து நிக்கும்னு.

இதுல பாதியைத்தான் பாடத்துல சொல்லித் தர்றாங்கன்னு எனக்கு வருத்தம். ஜீரோன்னு போட்டு பெஸ்ட் அளவைக் கண்டுபிடிக்கிறது பாதி வேலை. அந்த அளவை விட்டு விலகினா எவ்வளவு நஷ்டம்கிறதுதான் மீதிப் பாதி, அதை ரெண்டாவது டெரிவேட்டிவ் சொல்லும். விலகல் சின்னதா இருந்தா நஷ்டம் விலகலோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி வரும், விலகலைப் பாதியாக்கினா நஷ்டம் கால்வாசி ஆகிடும். டிசைன் பண்றவங்களுக்கு இது பெரிய சுதந்திரம், எங்க இறுக்கிப் பிடிக்கணும் எங்க விட்டுக்கொடுக்கலாம்னு இதுலதான் தெரியும்.

ஒரு கணக்கை முழுசா போட்டுக் காட்ட முடியுமா?

60 செ.மீ சதுர அட்டை. நாலு மூலையிலயும் ஒரே அளவு சதுரம் வெட்டி எடுத்துட்டு ஓரத்தை மடிச்சா மூடி இல்லாத பெட்டி. எவ்வளவு வெட்டினா பெட்டி அதிகமா கொள்ளும்? வெட்டுற அளவை ப-ன்னு வச்சுக்கோங்க. அடி ஒவ்வொரு பக்கமும் 60 கழித்தல் 2ப, உயரம் ப, கனஅளவு அந்த அடியோட வர்க்கம் பெருக்கல் ப. வகையிட்டா (60 − 2ப) பெருக்கல் (60 − 6ப) வரும், அதை ஜீரோன்னு போட்டா ப 30 இல்லன்னா 10. 30 வெட்டினா அட்டையே மிஞ்சாது, அதனால 10. பெட்டி 40க்கு 40க்கு 10, மொத்தம் 16000 கன செ.மீ.

இங்கயே நிறுத்திடாதீங்க. 9 வெட்டினா 15876, 11 வெட்டினா 15884, ரெண்டுமே 1 சதவீதத்துக்கும் குறைவான நஷ்டம். 5 வெட்டினா 12500, இது 22 சதவீதம் போச்சு. ஆக 10ங்கிறது புனிதமான எண் கிடையாது, 9ல இருந்து 11 வரைக்கும் எது வசதியோ அதை வெட்டுங்க, அங்க வேற ஏதாவது காரணம் இருந்தா, மடிப்பு வலு, உள்ள வைக்கிற பொருளோட உயரம் இப்படி, அது முடிவு பண்ணட்டும்.

குளிர்பான கேன் ஏன் கால்குலஸ் சொல்ற ஷேப்ல இல்ல?

புத்தகக் கணக்கு என்ன சொல்லும்னா மூடின உருளைக்கு உயரமும் குறுக்களவும் சமமா இருந்தா தகடு கம்மி. 330 மில்லிக்கு குறுக்களவு 7.5 செ.மீ, உயரமும் 7.5, தகடு 264 சதுர செ.மீ. நிஜ கேன் குறுக்களவு சுமார் 6.6 செ.மீ, பார்க்கவே உயரமா இருக்கும். அப்ப தகடு வீணா போகுதான்னா, 6.6 செ.மீ நேர் உருளைன்னு வச்சு போட்டா 268 வரும், ஒண்ணரை சதவீதம்தான் கூடுது. அந்த ஒண்ணரை சதவீதத்தைக் கொடுத்துட்டு கையில பிடிக்க வசதி, அடுக்க வசதி எல்லாம் வாங்கிடலாம்.

இன்னொண்ணு, புத்தகக் கணக்கு தகடு எல்லா இடத்துலயும் ஒரே தடிமன்னு நினைச்சுக்கிட்டு போடுது. நிஜத்துல பக்கச்சுவர் ரொம்ப மெல்லிசு, மூடியும் அடியும் தடிமன். மூடியும் அடியும் சுவரைப் போல ரெண்டு மடங்கு தடிமன்னு வச்சு மறுபடி வகையிட்டா உயரம் குறுக்களவைப் போல ரெண்டு மடங்கு வருது, 330 மில்லிக்கு குறுக்களவு 5.9, உயரம் 11.9. நிஜ கேன் இந்த ரெண்டு விடைக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு. கால்குலஸ் தப்பு இல்ல, என்ன கேட்டோமோ அதுக்குத்தான் விடை சொல்லும், கேள்வியைச் சரியா எழுதுறது நம்ம பொறுப்பு.

உருண்டை மரத்துல இருந்து பீம் அறுக்கணும், எந்த அளவு?

செவ்வக பீமோட வளைவு வலிமை அகலம் பெருக்கல் உயரத்தோட வர்க்கம். கட்டையோட குறுக்களவு மாறாதுன்னு வச்சு உச்சம் தேடினா உயரம் அகலத்தைப் போல 1.414 மடங்கு. 30 செ.மீ கட்டைக்கு அகலம் 17.3, உயரம் 24.5. ஆமா, பீப்பாய்ல வந்த அதே 1.414, ஏன்னா சமன்பாடு அச்சு அசலா ஒண்ணுதான், ஒயினுக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லாட்டியும். சதுரமா அறுத்தா பீம்ல மரம் அதிகம் இருக்கும், ஆனா வலிமை 8 சதவீதம் குறையும். வலிமை முக்கியம் இல்ல, தொய்வுதான் பிரச்சினைன்னா உயரத்தோட மூணாவது அடுக்கு கணக்குக்கு வரும், அப்ப விகிதம் 1.732.

செலவு கணக்குல இது எப்படி வருது?

ரெண்டு செலவு எதிரெதிரா இழுக்கிற எல்லா இடத்துலயும். கெல்வின் 1881ல மின்சாரக் கம்பிக்கு இதைச் சொன்னாரு. கம்பியோட குறுக்குவெட்டுப் பரப்பு கூடினா உலோகச் செலவு அந்த அளவுக்கு ஏறும், மின்தடையால வீணாகுற மின்சாரம் அந்த அளவுக்கு இறங்கும். மொத்தம் எங்க குறைவுன்னா ரெண்டு செலவும் சமமாகுற இடத்துல. இதுலயும் அடி தட்டைதான், சரியான பரப்பை விட 20% கூட்டிப் போட்டா மொத்தச் செலவு 2 சதவீதம்கூட ஏறாது, ஆனா ரெண்டு மடங்கா போட்டா 25 சதவீதம் ஏறும். கடைல கிடைக்கிற சைஸ்ல பக்கத்து சைஸை எடுத்துக்கலாம்னு தைரியமா சொல்ல முடியறது இதனாலதான்.

இன்டக்ரல் எங்க உதவுது? எல்லாம் டெரிவேட்டிவ் கதையாவே இருக்கே.

கப்பல்ல பாருங்க. தண்ணிக்குள்ள அமுங்கி இருக்கிற பாகத்தோட கனஅளவு தெரியாம கப்பல் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ல முடியாது, ஆனா கப்பலோட உடம்புக்கு அழகான ஃபார்முலா எதுவும் கிடையாது. அதனால சீரான இடைவெளியில குறுக்குவெட்டுப் பரப்புகளை எடுத்து சிம்ப்சன் விதியில கூட்டுறாங்க. அந்த விதியோட எளிய வடிவத்துக்கு ஜெர்மன்ல கெப்ளரோட பீப்பாய் விதின்னே பேரு. ஒரு முனைப் பரப்பு, நடுப் பரப்பு நாலு மடங்கு, மறு முனைப் பரப்பு, மூணையும் கூட்டி நீளத்தால பெருக்கி 6ஆல வகுக்கணும். முனையில குறுக்களவு 60 செ.மீ, நடுவுல குறுக்களவு 70 செ.மீ, நீளம் 90 செ.மீ பீப்பாய்க்கு சுமார் 316 லிட்டர் வரும்.

பீம் தொய்வும் இன்டக்ரல்தான். சுமையைத் தொகையிட்டா வெட்டு விசை (பீமைக் குறுக்கா வெட்டப் பார்க்கிற விசை), அதைத் தொகையிட்டா வளைவுத் திருப்பம் (பீமை வளைக்கப் பார்க்கிற திருப்பு விசை), அதை விறைப்பால வகுத்துத் தொகையிட்டா சாய்வு, இன்னொரு தடவை தொகையிட்டா தொய்வு. நாலு தடவை தொகையிடுறதால நீளம் நாலாவது அடுக்குல வந்து நிக்குது, ஒரே மாதிரி பரவின சுமைக்கு பீம் நீளத்தை ரெண்டு மடங்காக்கினா தொய்வு 16 மடங்கு. தூண் தள்ளித் தள்ளி வைக்கலாமேன்னு யாராவது லேசா சொன்னா இந்த 16ஐ ஞாபகம் வச்சுக்கங்க.

ரோடு, ரயில் பாதை?

நேர் பாதையில இருந்து திடீர்னு வட்ட வளைவுக்குள்ள போனா பக்கவாட்டு முடுக்கம் ஒரே நொடியில ஜீரோல இருந்து முழுசா ஏறும், உடம்பு தூக்கிப் போடும். வினாடிக்கு 20 மீட்டர் வேகம், 400 மீட்டர் ஆரம்னா முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 1 மீட்டர். நடுவுல 80 மீட்டருக்கு ஒரு இணைப்பு வளைவு, தூரத்துக்கு ஏத்த மாதிரி வளைவு சீரா கூடிக்கிட்டே போறது, அதைப் போட்டா அந்த முடுக்கம் 4 வினாடியில மெதுவா ஏறும். இந்தச் சுருளை ஆய்லர் 18ம் நூற்றாண்டிலேயே ஆராய்ஞ்சு வச்சிருந்தாரு.

ஒரு எண் இல்லாம முழு வடிவத்தையே பெஸ்ட்டா தேட முடியுமா?

முடியும், அது வேரியேஷன் கால்குலஸ். 1696ல யோஹான் பெர்னூலி ஒரு சவால் விட்டாரு, மேல ஒரு புள்ளி, கீழ தள்ளி ஒரு புள்ளி, எந்தத் தடத்துல உருண்டா சீக்கிரம் வரும்னு. நேர்கோடு இல்ல, சைக்ளாய்டு, அதாவது உருளுற சக்கரத்தோட விளிம்புல ஒரு புள்ளி வரையிற வளைவு. நியூட்டன் கேள்வி கைக்கு வந்த ராத்திரியே தீர்த்துட்டாரு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி 1691ல தொங்குற சங்கிலியோட வடிவத்தை ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூணு பேரும் கண்டுபிடிச்சாங்க, பரவளைவு மாதிரி தெரியும் ஆனா பரவளைவு இல்ல. அந்தச் சங்கிலியைத் தலைகீழா நிறுத்தினா தன் எடையை அழுத்தமா மட்டும் கடத்துற வளைவு கிடைக்கும், இதை ஹூக் 1675லயே சொல்லிட்டாரு. செயின்ட் லூயிஸ்ல 192 மீட்டர் உயரமா நிக்கிற கேட்வே ஆர்ச் அந்தக் குடும்பம்தான், கால் தடிமனாவும் உச்சி மெல்லிசாவும் இருக்கிறதால சங்கிலி வடிவத்தை அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் மாத்தியிருக்காங்க.

உச்சி எப்பவும் தட்டைதானா? அதை நம்பி விட்டுக்கொடுத்துடலாமா?

கூடாது, இதைக் கவனமா படிங்க. தட்டையா இருக்கிறது எல்லைக்கு உள்ள, வழவழப்பான சார்புல உச்சி இருக்கும்போது மட்டும். நிறைய டிசைன்ல பெஸ்ட் அளவு எல்லையிலேயே போய் முட்டி நிக்கும், தகட்டுத் தடிமன் இதுக்குக் கீழ போனா உடையும்னு ஒரு கோடு இருந்தா எடை குறைவான டிசைன் அந்தக் கோட்டு மேலயே உட்காரும். அங்க சாய்வு ஜீரோ இல்ல, ஒரு அடி தாண்டினா நஷ்டம் இல்ல, ஆபத்து. மெல்லிய ஓடுகள்ல, அதாவது மெல்லிசா வளைஞ்ச சுவர் இருக்கிற அமைப்புகள்ல இது இன்னும் மோசம், நெதர்லாந்து பொறியாளர் கோய்டர் 1945ல டெல்ஃப்ட் நகரத்துல கொடுத்த ஆய்வுல காட்டினது, வடிவத்துல இருக்கிற சின்னக் கோணலே நெளிஞ்சு விழற சுமையை ரொம்பக் குறைச்சிடும்னு. அதனால செலவுலயும் பொருள்லயும் தாராளமா இருங்க, பாதுகாப்பு எல்லை விஷயத்துல மட்டும் தாராளமா இருக்காதீங்க.

இப்ப எல்லாம் சாஃப்ட்வேர் பண்ணுது, நாம ஏன் கத்துக்கணும்?

சாஃப்ட்வேர் உள்ள ஓடுறதும் இதேதான். சாய்வு பார்த்து இறங்குற முறையை பிரெஞ்சு கணிதக்காரர் கோஷி 1847லயே எழுதிட்டாரு, இன்னைக்கு நியூரல் நெட்வொர்க் பயிற்சி வரைக்கும் அந்த வழிதான். சாஃப்ட்வேர் ஒரு அளவை நாலு தசம இடத்துக்குத் துல்லியமா காட்டும், அந்த இடம் தட்டையா செங்குத்தான்னு நீங்கதான் கேட்கணும், கேட்டாத்தான் சொல்லும்.

ஆரம்பிக்கிறவங்க எந்தக் கணக்கை முதல்ல போடலாம்?

மூடி இல்லாத உருளைத் தொட்டி. கொள்ளளவு குறிச்சாச்சு, தகடு கம்மியா ஆகணும். போட்டா உயரமும் ஆரமும் சமமா வரும். வந்ததும் ஆரத்தை 10% கூட்டி, அதே கொள்ளளவுக்கு உயரத்தைச் சரிபண்ணி தகட்டை மறுபடி கணக்கு பண்ணுங்க, 1 சதவீதம்கூட கூடாது. அப்புறம் ஆரத்தை ரெண்டு மடங்காக்கிப் பாருங்க, 67 சதவீதம் கூடும்.